சேரிக் காற்றும் மறதி நோயும்

எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எது, அதன் நான்கு எல்லை எது, எந்தப் பனைமரத்தில் தொடங்கி எந்த ஓடைக்கரையில் முடிகிறது, யார் காலத்தில் யார் கைக்கு மாறியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நில மீட்பு மனு எழுத நாங்கள் உட்கார்ந்தபோது, தாலுகா அலுவலகத்தில் கிடைக்காத விவரங்களை அவர்தான் வரப்பில் நடந்துகொண்டே சொன்னார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தப் பெண்மணிதான் அன்று எங்களுக்குப் பதிவேடாக இருந்தார்.

போன தை மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"கும்புடறேன் ஆண்டே. நாளைக்கு அறுப்புக்கு ஆளக் கூட்டியாந்துடறேன். கோச்சிக்காதீங்க."

"ஆயா, நான்தான் ஆயா. கீழண்ட வூட்டுப் பையன்" என்றேன். அவர் உட்காரவே இல்லை. நான் அங்கிருந்து நகரும்வரை நின்றுகொண்டே இருந்தார். "ஒரு வருசமா இப்படித்தான் தம்பி. பேண்ட் சட்டை போட்டவங்க யாரு வந்தாலும் ஆண்டைன்னு நெனச்சுக்குது" என்றார் மருமகள். ஆயாவைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாததால் நூறு நாள் வேலைக்குப் போவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

அரசு மருத்துவமனையில் இதை டிமென்ஷியா என்றார்கள். தமிழில் முதுமை மறதி நோய் என்கிறோம். வயதானால் எல்லோருக்கும் வரும் சாதாரண மறதி வேறு, இது வேறு. மூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வருவது இது. இந்த நோய் வந்த பலருக்கு அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும், பழையவை அதிக நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயாவுக்கும் அதுதான் நடந்தது. சங்கம் வைத்தது, மனு கொடுத்தது, ஆண்டையின் எதிரே செருப்புப் போட்டு நடந்தது, பேரனைக் கல்லூரிக்கு அனுப்பியது என்று அவர் தலைநிமிர்ந்து வாழ்ந்த நாற்பது ஆண்டுகள் அழிந்துவிட்டன. அதற்கு முந்தைய பண்ணையாள் காலத்துப் பயம் மட்டும் அழியாமல் இருக்கிறது.

அன்று இரவு வீடு திரும்பியதிலிருந்து இந்த நோயைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் எதிர்பார்க்காத ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: காற்று.

அறிவியல் என்ன சொல்கிறது?

உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ், மறதி நோயைத் தடுப்பது குறித்து ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், மறதி நோயை உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் முதன்முறையாகக் காற்று மாசையும் சேர்த்தது. 2024-ஆம் ஆண்டு அறிக்கையில் பட்டியல் 14 காரணிகளாக விரிந்தது. இந்த 14-ஐயும் சரிசெய்தால், உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அந்தக் குழு. அதில் காற்று மாசின் பங்கு மட்டும் 3 சதவீதம்.

2025-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகின் பல நாடுகளில் நடந்த 51 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றில் மொத்தம் 2 கோடியே 90 லட்சம் பேரின் விவரங்கள் இருந்தன. காற்றில் உள்ள மிக நுண்ணிய தூசியின் அளவு ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, மறதி நோய் வரும் அபாயம் சுமார் 17 சதவீதம் கூடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நூறு பேருக்கு நோய் வரக்கூடிய இடத்தில் 117 பேருக்கு வரும் என்று பொருள். வாகனப் புகையிலும் விறகுப் புகையிலும் இருக்கும் கரிப்புகைக்கும் இந்த நோயோடு தொடர்பு இருப்பது அதே ஆய்வில் தெரியவந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. பெரிய சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு, 300 மீட்டருக்கு அப்பால் இருப்பவர்களைவிட மறதி நோய் அபாயம் 7 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. சாலையிலிருந்து தள்ளிப்போகப் போக அபாயம் குறைந்தது.

இந்தத் தூசி மூளைக்கு எப்படிப் போகிறது? நுண்தூசியைப் பி.எம். 2.5 என்று குறிப்பிடுகிறார்கள். அதன் குறுக்களவு இரண்டரை மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடும். இது தடையைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போகிறது. அதிலும் நுண்ணியவை ரத்தத்தில் கலக்கின்றன. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் வாசனை நரம்பின் வழியாகவும் மிக மிக நுண்ணிய துகள்கள் உள்ளே நுழையக்கூடும் என்று கருதப்படுகிறது. மெக்சிகோ நகரிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுக்களில், எரிபொருள் எரியும்போது உண்டாகும் வகையைச் சேர்ந்த நுண் இரும்புத் துகள்கள் இருந்ததாக 2016-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உடம்புக்குள் போன தூசி அழற்சியை உண்டாக்குகிறது. ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ரத்த அழுத்தத்தையும் பக்கவாதத்தையும் கொண்டுவருகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் நினைவும் குறையும்.

ஆயாவுக்கு இந்த நோய் புகையால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. தனி ஒருவரைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆய்வுகள் பேசுவது கூட்டத்தின் கணக்கை. நானும் கூட்டத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதிகப் புகையில் வாழும் கூட்டம் எது? அந்த இடத்தில் அவர்களைக் குடிவைத்தது யார்?

காற்று பார்த்து ஒதுக்கிய இடம்

காற்றடிக்கும் திசையைப் பார்த்துத்தான் சேரிக்கு இடம் ஒதுக்கினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் மேல்பட்ட காற்று ஊருக்குள் போய்விடக் கூடாது என்பது அன்றைய கணக்கு. தீண்டத்தகாதோரின் குடியிருப்பு, திசைகளில் மங்கலமற்றதாகக் கருதப்பட்ட தெற்கில்தான் இருக்க வேண்டும் என்ற கிராமத்து விதியை டாக்டர் அம்பேத்கரும் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்தக் கணக்கு வேறு வடிவில் தொடர்கிறது. ஊரின் புகை எங்கள் பக்கம் வருகிறது.

எந்த மாவட்டத்திலும் ஒரு காலனிக்குள் நடந்து பாருங்கள். ஊராட்சியின் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? பெரும்பாலும் காலனிக்குப் போகும் வழியில், எங்கள் சுடுகாட்டை ஒட்டி, அல்லது ஏரிக்கரையில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால். கொட்டிய குப்பை மக்காத குப்பை. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் கொளுத்துகிறார்கள். பிளாஸ்டிக்கும் டயரும் எரியும் புகை விடிய விடியத் தெருவில் நிற்கிறது. ரைஸ் மில் இருந்தால் அதன் உமிச் சாம்பல் கொடியில் காயும் துணியில் கறுப்பாக வந்து ஒட்டும். செங்கல் சூளை இருந்தால் நான்கு மாதம் தொடர்ந்து புகையும். கல் குவாரியும் கிரஷரும் இருந்தால் வேப்பமரத்து இலைகூட வெள்ளையாகிவிடும். டிப்பர் லாரிகள் போகிற மண் சாலை பெரும்பாலும் எங்கள் தெருவழியாகத்தான் போகும்.

வேலையும் அதே புகையில்தான். சூளையில் கல் அறுப்பவர், கிரஷரில் ஜல்லி அள்ளுபவர், குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைக் காவலர், சுடுகாட்டில் பிணம் எரிப்பவர் என்று பட்டியல் போட்டால், அதில் எங்கள் மக்கள் எவ்வளவு பேர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் வேலையிடத்துப் புகை, இரவில் தெருப் புகை.

இவற்றோடு அடுப்புப் புகையும் சேர்கிறது. சிலிண்டர் வாங்கிய வீடுகளிலும், விலையைப் பார்த்து அதை டீ போடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றையும் குழம்பையும் வேலிக்காத்தான் விறகில் சமைக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து வீட்டில், ஜன்னல் இல்லாத மூலையில், ஊதாங்குழலோடு குனிந்து கிடக்கும் பெண் உள்ளே இழுக்கும் புகை எவ்வளவு இருக்கும்? இந்தியா, சீனா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் முதியோர் விவரங்களை வைத்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று, விறகு போன்ற எரிபொருளில் சமைக்கும் வீடுகளின் முதியவர்களுக்கு நினைவாற்றலும் சிந்திக்கும் திறனும் குறைவாக இருப்பதைக் காட்டியது. எங்கள் ஆயா சூளையில் இருபது ஆண்டு, கிரஷரில் பத்து ஆண்டு, அடுப்படியில் அறுபது ஆண்டு இருந்தவர்.

பட்டா இல்லாத வீடு வீடு இல்லையா?

"விதிகள் இருக்கின்றனவே, அரசு பார்த்துக்கொள்ளாதா?" என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். விதிகள் இருப்பது உண்மைதான். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. ஆனால் எது குடியிருப்பு என்பதற்கும் அதே விதியில் விளக்கம் இருக்கிறது. வருவாய்த் துறை ஆவணங்களில் கிராம நத்தம், வீட்டுமனை என்று பதிவான இடம், அல்லது அதிகாரம் பெற்ற அமைப்பின் ஒப்புதல் பெற்ற மனைப் பிரிவு, இவைதான் குடியிருப்பு.

இதை நிறுத்தி யோசித்துப் பாருங்கள். புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காத குடும்பங்கள் யாருடையவை? அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, தொட்டில் ஆடுகிறது, ரேஷன் கார்டும் ஓட்டும் இருக்கின்றன. இருந்தும் வருவாய்த் துறைக் கணக்கில் அது மனை இல்லை என்றால், குவாரிக்கான தூரத்தை அளக்கும் சங்கிலி அந்த வீட்டிலிருந்து தொடங்காது. பட்டா மறுப்பது நில உரிமைப் பிரச்சினை என்று மட்டும் இதுவரை பேசி வந்தோம். அது மூச்சுக்காற்றின் பிரச்சினையும்தான் என்பதை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

மற்ற விதிகளையும் பாருங்கள். செங்கல் சூளைகள் குடியிருப்பிலிருந்து குறைந்தது 800 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022-ல் அறிவித்தது. கிரஷரில் தூசி வெளியேறாமல் மூடி அமைக்க வேண்டும், காற்றுத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், உள்ளே தார்ச்சாலை போட வேண்டும், சுற்றிலும் மரம் வளர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. எங்கள் பகுதியில் குப்பையை எரித்ததற்காக ஓர் ஊராட்சி அபராதம் கட்டியதை நான் பார்த்ததில்லை. எரிக்கச் சொன்னவர்களை விட்டுவிட்டு, தீக்குச்சி கிழித்த தூய்மைக் காவலரைத் திட்டுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கணக்கில் வராதவர்கள்

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் இந்த நோய் அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. கிராமம், பெண், படிப்பு இல்லாதவர் என்ற மூன்றும் சேர்ந்தால் எங்கள் ஆயா.

லான்செட் குழுவின் 14 காரணிகளை இன்னொரு முறை படித்தேன். சிறு வயதில் கல்வி கிடைக்காதது, காது கேளாமை, தலையில் அடிபடுவது, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகிச்சை பெறாத கண் பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, புகைப்பழக்கம், குடி, காற்று மாசு என்று பட்டியல் போகிறது. அது எங்கள் தெருவின் வாழ்க்கைக் குறிப்பு போலவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்காதவர்கள் யாரோ, அவர்களே பட்டியலின் ஒரு காரணிக்குப் பொறுப்பு. காதைப் பிளக்கும் கிரஷரில் பஞ்சுகூடக் கொடுக்காமல் வேலை வாங்கியவர்கள் இன்னொன்றுக்குப் பொறுப்பு. காற்று மாசின் பங்கு 3 சதவீதம்தானே என்று யாராவது கேட்டால், அது உலகச் சராசரி. எல்லாக் காரணிகளும் ஒரே தலையில் வந்து இறங்கும் இடத்தில் அந்தச் சராசரி பொருந்தாது.

அந்த இடத்தை யாரும் அளக்கவில்லை என்பதுதான் பெரிய வேதனை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் திரட்டிய ஆய்வுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பணக்கார நாடுகளின் வெள்ளையர்கள் என்றும், ஒடுக்கப்பட்ட மக்கள்தான் அதிக மாசில் வாழ்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் காற்றை அளக்கும் கருவிகளில் பெரும்பாலானவை நகரங்களில் இருக்கின்றன. 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டமும் நகரங்களுக்கானது. நவம்பர் வந்தால் டெல்லியின் புகை தலைப்புச் செய்தி ஆகிறது, ஆகவும் வேண்டும். ஆனால் வருடம் முழுவதும் புகையும் ஒரு காலனியின் காற்றில் எவ்வளவு தூசி என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் எண்கூடக் கிடையாது. ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்தூசி கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டின் அளவுகோல் 40. அதாவது எட்டு மடங்கு. அந்த 40-ஐயாவது தாண்டாமல் இருக்கிறதா என்று சொல்லவும் கருவி வேண்டுமே!

இந்த அநீதியைச் சுட்டிக்காட்டும் பெயரிலேயே ஓர் ஆய்வுக் குழு உண்டு. '10/66' என்று அதற்குப் பெயர். மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 சதவீதம் பேர், ஏழை நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதைக் காட்டவே 1998-ல் அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்தக் குழுவின் ஆய்வு சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் நடந்தது. ஆக, தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதைச் செய்யவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதைச் செய்து காட்டினார்கள். 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்ட அரசு முனைந்தது. மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குப்பையை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் பின், 1987-ல் தேவாலய அமைப்பு ஒன்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. நச்சுக் கழிவுக் கிடங்கு எங்கே அமைகிறது என்பதைத் தீர்மானிப்பதில் இனம்தான் முதன்மையான காரணி என்று அந்த அறிக்கை நிறுவியது. நமக்கு அப்படி ஒரு கணக்கு வேண்டும். குவாரி, கிரஷர், சூளை, குப்பைக் கிடங்கு எல்லாவற்றையும் மாவட்ட வரைபடத்தில் புள்ளி வைத்து, அதன் மேல் பட்டியல் சமூகக் குடியிருப்புகளையும் புள்ளி வைத்துப் பார்த்தால் போதும். யாரும் வாதாட வேண்டியதில்லை.

"வேலை போய்விடுமே?"

இந்தப் பேச்சை எங்கள் தெருவில் எடுத்தபோது முதலில் எதிர்த்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். "கிரஷரை மூடிட்டா நாளைக்குச் சோறு நீ போடுவியா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். அது நியாயமான கேள்வி. நிலம் இருந்திருந்தால் அவன் கிரஷருக்குப் போயிருக்க மாட்டான். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதில் எங்கள் ஊர்ப் பங்கு கையில் இருந்தால் அவன் கூலி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் நான் அவனுக்குச் சொன்ன பதில் வேறு. மூடச் சொல்லவில்லை, விதியை மதிக்கச் சொல்கிறோம். தண்ணீர் தெளிக்கும் குழாய்க்கும் தகர மூடிக்கும் ஆகும் செலவு, கூலியாளின் நுரையீரலிலிருந்தும் மூளையிலிருந்தும் பிடித்தம் செய்யப்படுகிறது. முதலாளி மிச்சம் பிடிக்கும் அந்தப் பணத்தை, முப்பது ஆண்டு கழித்து, வேலைக்குப் போவதை விட்டுவிட்டு மாமியாரைக் காவல் காக்கும் மருமகள் கட்டிக்கொண்டிருக்கிறார். சோறா மூச்சா என்று ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அநியாயம். அந்தக் கேள்வி மேலத்தெருவில் யாரிடமும் கேட்கப்படுவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவில் முதிய பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. எந்தப் பகுதிகளில் காற்று சுத்தமானதோ அங்கே மறதி நோய் அபாயமும் குறைந்தது என்று அது கண்டது. வயதான காலத்தில்கூடப் புகை குறைந்தால் பலன் உண்டு. இனி என்ன செய்து என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குப்பையைக் கொளுத்தக் கூடாது, சுடுகாட்டை ஒட்டிக் கொட்டக் கூடாது என்று தீர்மானம் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

இரண்டு, தகவல் உரிமைச் சட்டம். உங்கள் ஊர் கிரஷருக்கும் ரைஸ் மில்லுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்னென்ன நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கும் அந்தத் தாள், திங்கள்கிழமை குறைதீர் நாள் மனுவுக்கும், தேவைப்பட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாய அமர்வுக்கும் அடிப்படை ஆகும்.

மூன்று, பட்டா. வீட்டுமனைப் பட்டா கேட்கும் ஒவ்வொரு மனுவிலும், அருகில் உள்ள குவாரியின் தூரத்தையும் எழுதுங்கள். பட்டா இல்லை என்றாலும் மக்கள் குடியிருக்கும் இடம் குடியிருப்புதான் என்று விதியைத் திருத்த வேண்டும். சட்டமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

நான்கு, மருத்துவம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அப்போதே முதியவர்களின் நினைவு குறித்தும் நான்கு கேள்விகள் கேட்கலாம். கடிகாரம் வரையச் சொல்லியும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியும் சோதிப்பது பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பொருந்தாது. வரப்பும் வாய்க்காலும் உறவுமுறையும் கேட்டுச் சோதிக்கும் முறை வேண்டும். குடும்பத்தாரும் இதைப் பேய், காத்து, கருப்பு என்று விபூதி அடிப்பதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை என்றாலும், துன்பத்தைக் குறைக்க வழி உண்டு.

ஐந்தாவது, மாணவர்களுக்கு. உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. உங்கள் தெருவில் எந்த நாளில் எத்தனை மணிக்குப் புகை வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று ஒரு மாதம் தேதியோடு எழுதுங்கள், படம் எடுங்கள். எந்தெந்த வீட்டில் விறகடுப்பு, எந்தெந்த வீட்டில் மறதி வந்த முதியவர் என்று கணக்கெடுங்கள். விஞ்ஞானி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவர் வந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்பார். அதே செல்போனில் உங்கள் ஆயாவையும் தாத்தாவையும் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். நம் வரலாறு கல்வெட்டில் இல்லை, செப்பேட்டில் இல்லை, அரசாங்கக் கணக்கில் பாதியும் திருத்தப்பட்டுவிட்டது. அது இருப்பது அவர்கள் நினைவில்தான். புகை அதையும் எடுத்துக்கொண்டு போவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும்.

இதை அறிவுரையாகச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஆயா வரப்பில் நடந்து சொன்னபோது, கிழக்கு எல்லையையும் வடக்கு எல்லையையும்தான் நான் நோட்டில் குறித்தேன். மணி ஆகிவிட்டது, மற்ற இரண்டையும் இன்னொரு நாள் வந்து எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. சென்ற மாதம் ஒரு காலை வேளையில் மருமகள் போன் செய்தார். ஆயா தெளிவாகப் பேசுவதாகச் சொன்னார். நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது ஊர்க்குப்பை எரியும் புகை தெருவை மூடியிருந்தது. ஆயா திண்ணையில் இருமிக்கொண்டிருந்தார். "தெற்கு எல்லை எதுவரைக்கும் ஆயா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து கை கூப்பினார்.

வரும் கிராம சபையில் குப்பை எரிப்பதை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை எங்கள் தெருப் பெண்கள் கொண்டுவருகிறார்கள். உங்கள் ஊரிலும் கொண்டுவாருங்கள்.